பாஸ் என்பது நாள் கணக்கு

போன மே மாதம் நாங்கள் ஐரோப்பாவுக்குக் கிளம்பிய தேதியை முடிவு செய்தது என் மகனின் பிறந்தநாள்தான். ஜூனில் அவனுக்கு 12 வயது முடிகிறது. ஒரே பாஸில் பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் போக உதவும் யூரெய்ல் பாஸில் 4 முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு பெரியவரோடு இரண்டு பிள்ளைகள் வரை போகலாம். பாஸைத் தொடங்கும் நாளில் 12 ஆகாமல் இருந்தால் போதும். இலவசம்தானே என்று பிள்ளையைச் சும்மா கூட்டிக்கொண்டு போய்விட முடியாது. பெரியவரின் பாஸை வாங்கும்போதே பிள்ளைக்கும் ஒரு பாஸ் சேர்த்து வாங்க வேண்டும். அந்த வரியைப் படித்த அன்று இரவே கணவரிடம் சொல்லிவிட்டேன், இந்த வருடம் போகாவிட்டால் அப்புறம் நான்கு பாஸுக்கும் காசு கொடுக்க வேண்டும் என்று.

நான்காவது ஆள் அப்பா. ரயில்வேயில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 68. அறுபது தாண்டியவர்களுக்கு பாஸில் பத்து சதவீதம் குறைவு. ஆனால் அவரை அழைத்துப் போனதற்குக் காரணம் அந்தப் பத்து சதவீதம் இல்லை. திட்டம் போட ஆரம்பித்த முதல் வாரமே அவர் ஒரு நீள நோட்டை எடுத்து, ரயில் கிளம்பும் நேரம், சேரும் நேரம், மாறும் நிலையம், நடைமேடை என்று கட்டம் போட்டுவிட்டார். இந்தப் பயணம் ஒழுங்காக நடந்ததற்கு அந்த நோட்டுதான் காரணம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். யூரெய்ல், இன்டர்ரெய்ல் என்று இரண்டு பாஸ் உண்டு. ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெய்ல், வெளியிலிருந்து போகிற நமக்கு யூரெய்ல். 1959-இல் யூரெய்ல் 13 நாடுகளோடு தொடங்கியது. இன்டர்ரெய்ல் 1972-இல், 21 வயது வரையிலான இளைஞர்களுக்காக வந்தது. இன்று இரண்டும் 33 நாடுகளில் செல்லும். லண்டனில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன் இன்டர்ரெய்ல் வாங்க வேண்டும், கோவையிலிருந்து போய் அவரோடு சேர்ந்துகொள்ளும் நீங்கள் யூரெய்ல் வாங்க வேண்டும். ரயிலுக்குள் ஏறிய பிறகு பெரிய வித்தியாசம் தெரியாது.

பாஸ் என்றதும் நம் மனதில் வருவது மாதாந்திர சீசன் டிக்கெட். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாஸ் விற்பது நாட்களை. ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 நாட்கள், இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 நாட்கள் என்று வாங்கலாம். விடாமல் தினமும் பயணம் செய்கிற வகையும் தனியாக உண்டு. ஒரு பயண நாள் என்பது நள்ளிரவு 12 மணி முதல் மறு நள்ளிரவு வரை. அந்த நாளுக்குள் ஒரு ரயிலில் போனாலும் ஒன்றுதான், ஒன்பது ரயிலில் போனாலும் ஒன்றுதான். இரவு ரயில் என்றால், நள்ளிரவுக்குப் பிறகு வேறு ரயிலுக்கு மாறாத வரையில், கிளம்பிய நாள் மட்டுமே கணக்கில் வரும்.

இது புரிந்ததும் திட்டம் போடும் முறையே மாறிவிட்டது. அதுவரை நாங்கள் ஊர்களைத்தான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம்: ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், சூரிக், வெனிஸ் என்று. அப்பா அதை ஓரமாக வைத்துவிட்டு, நோட்டில் ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டார். "எந்த நாள் ரயில்ல காசு அதிகமோ அந்த நாளுக்கு மட்டும் பாஸைச் செலவு பண்ணு கண்ணு. மத்ததுக்கு டிக்கெட் எடுத்துக்கலாம்" என்றார்.

எங்கள் ஏழு நாள் பாஸில் ஒரு நாளுக்கு ஆளுக்கு 50 யூரோவுக்குச் சற்று மேல் வந்தது. இதை அளவுகோலாக வைத்துக்கொண்டோம். சூரிக்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிய எல்லை ஊரான திரானோவுக்குச் சாதாரண டிக்கெட் எடுத்தால் 100 சுவிஸ் பிராங்கை ஒட்டி வரும். அந்த நாளுக்குப் பாஸ். திரானோவிலிருந்து மிலானுக்கு உள்ளூர் ரயிலில் 15 யூரோவுக்குள் போய்விடலாம். அதற்குப் பாஸ் நாளைச் செலவழிப்பது வீண். வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கும் அப்படியே, சில வாரம் முன்னால் எடுத்தால் மலிவு டிக்கெட் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா மூன்றிலும் கடைசி நேரத்து டிக்கெட் விலை அதிகம்; பெரும்பாலான ரயில்களில் முன்பதிவும் கட்டாயமில்லை. பாஸுக்காகவே அமைந்த நாடுகள் என்று இவற்றைச் சொல்வேன்.

பாரிஸை வெட்டியதுதான் வீட்டில் பெரிய சண்டை. பிரான்சின் டிஜிவி, லண்டன், ஆம்ஸ்டர்டாம் பக்கம் ஓடும் யூரோஸ்டார், ஸ்பெயினின் ஆவே, இத்தாலியின் பிரெச்சியாரொஸ்ஸா ஆகிய அதிவேக ரயில்களிலெல்லாம் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டிப் பதிவு செய்தே ஆக வேண்டும். யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்களும் குறைவு. அவை தீர்ந்துவிட்டால், ரயிலில் காலி இடம் இருந்தாலும் நமக்குக் கிடையாது. பாஸ் வாங்கியபின் இந்தக் கட்டணத்தைப் பார்த்து நொந்துபோனவர்கள் நிறைய. பிள்ளைக்குப் பாஸ் இலவசமாக இருந்தாலும், அவன் உட்காரும் இருக்கைக்கும் பதிவுக் கட்டணம் கேட்கிற ரயில்கள் இருக்கின்றன. நான்கு பேர், போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று கூட்டிப் பார்த்தபோது, பாரிஸுக்குத் தனியாக இன்னொரு வருடம் போவதே நல்லது என்று முடிவு செய்தோம். ஈஃபில் கோபுரம் இல்லையென்றதும் மகன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

பாதை கடைசியில் இப்படி அமைந்தது. ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, கொலோன் வழியாகக் கோப்லென்ஸ். அது முதல் நாள். கோப்லென்ஸிலிருந்து ரைன் ஆற்றோரமாக மைன்ஸ், பாசெல், சூரிக், இரண்டாம் நாள். சூரிக்கிலிருந்து கோட்டார்டு மலைக்குப் போய்த் திரும்புவது மூன்றாம் நாள். கூர், பெர்னினா மலைப்பாதை வழியாகத் திரானோ நான்காம் நாள். வெனிஸிலிருந்து வியன்னா ஐந்து, புடாபெஸ்டிலிருந்து பிராக் ஆறு, பிராகிலிருந்து பெர்லின் ஏழு. இடையில் மிலான், வெனிஸ், புடாபெஸ்ட் போகிற துண்டுகளுக்குத் தனி டிக்கெட். கடைசி இரண்டு நாட்களுக்கும் முன்கூட்டியே எடுத்தால் தனி டிக்கெட் மலிவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நாட்கள் கூடக்கூட ஒரு நாளின் விலை குறைகிறது. ஐந்து நாள் பாஸை ஏழு நாளாக ஆக்க அதிகம் செலவாகவில்லை. எந்த ரயிலில் போவது என்பதைக் காலைச் சாப்பாட்டு மேசையில் முடிவு செய்யலாம் என்ற வசதி எனக்கு அந்தக் காசுக்குத் தகும்.

விசா விஷயம் பாதையோடு பின்னிக்கிடக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே எங்கள் பாதையில் வரும் எல்லா நாடுகளுக்கும் போதும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம். சமமாக வந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். எங்கள் முதல் கணக்கில் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் நான்கு நான்கு இரவு வந்து நின்றது. குழப்பமே வேண்டாம் என்று பெர்லினில் ஓர் இரவைக் கூட்டி, ஜெர்மனியிடம் விண்ணப்பித்தோம். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். நாள்வாரியாக எங்கே தங்குகிறோம், எப்படிப் போகிறோம் என்று ஒரு பக்க அட்டவணை வைத்தோம். அப்பாவின் நோட்டிலிருந்து அப்படியே எடுத்தது. பாஸை விசா கைக்கு வந்த பிறகுதான் வாங்கினோம். இன்று வாங்கினால் பதினொரு மாதத்துக்குள் தொடங்கினால் போதும், அதனால் அவசரமே இல்லை.

வாங்கியதும் கைப்பேசிச் செயலியில் பாஸ் வந்துவிடும். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு ரயிலையும் அன்றைய பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்த்தால்தான் பரிசோதகருக்குக் காட்டும் கியூஆர் குறியீடு வரும். பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும், கேட்பார்கள். ஒரே கைப்பேசியில் நான்கு பாஸையும் ஏற்றலாம். அப்பாவின் பாஸ் என் கைப்பேசியில்தான் இருந்தது. அப்படிச் செய்தால் எல்லோரும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இனி, கால அட்டவணை. ஐரோப்பா முழுவதற்கும் நேரம் பார்க்க ஜெர்மன் ரயில்வேயின் தளம் நம்பகமானது. ஆனால் அது எப்போதும் வேகமான பாதையைத்தான் முன்னால் காட்டும். கொலோனிலிருந்து தெற்கே என்று போட்டால், 2002-இல் திறந்த அதிவேகப் பாதையைக் காட்டும். மணிக்கு 300 கிலோமீட்டர், சுரங்கங்கள், பக்கத்தில் ஒரு நெடுஞ்சாலை. ரைன் ஆறு கண்ணிலேயே படாது. கோப்லென்ஸ் வழியாக என்று நாமே ஊரை இடையில் போட வேண்டும். அப்போதுதான் ஆற்றின் இடது கரையை ஒட்டிய பழைய பாதை வரும். தெற்கே போகும்போது இடப்பக்க ஜன்னல். கோப்லென்ஸ் முதல் பிங்கன் வரை வரும் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2002-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இரண்டு கரையிலும் ரயில் பாதை, நடுவில் சரக்குப் படகுகள், செங்குத்தான சரிவில் திராட்சைத் தோட்டங்கள், திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கோட்டை. லோரலை பாறை 132 மீட்டர் உயரத்தில் எதிர்க்கரையில் நின்றது. மகன் கோட்டைகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டு வந்தான்.

அன்றுதான் ஓர் இணைப்பு ரயிலைத் தவறவிட்டோம். மாறுவதற்கு ஆறு நிமிடம் என்று அட்டவணை காட்டியது. எங்கள் ரயில் இருபது நிமிடம் தாமதமாக வந்தது. அடுத்த ரயில் ஒரு மணி நேரம் கழித்து. தனி டிக்கெட் என்றால் அது அடுத்த ரயிலில் செல்லுமா என்று கவுன்டரில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்போம். பாஸில், செயலியில் பழைய ரயிலை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்த்தேன், அவ்வளவுதான். நிலையத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். அன்றிலிருந்து நோட்டில் ஒரு விதி ஏறியது: மாறும் இடத்தில் குறைந்தது இருபது நிமிடம். படியேறும் பெட்டியும் 68 வயது முழங்காலும் ஆறு நிமிடத்துக்கு அடங்காது. முன்பதிவு கட்டாயமான ரயிலை இன்னொரு ரயிலோடு நெருக்கமாகக் கோக்கவே கூடாது என்பது அடுத்த விதி.

மூன்றாம் நாளைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அப்பா கேட்டு வாங்கிய நாள். கோட்டார்டு மலையில் இரண்டு வழி இருக்கிறது. 1882-இல் திறந்த பழைய பாதை, சுழன்று சுழன்று ஏறி, 15 கிலோமீட்டர் சுரங்கத்தில் மலையைக் கடக்கிறது. 2016-இல் திறந்த புதிய சுரங்கம் 57 கிலோமீட்டர். மலைக்கு அடியிலேயே நேராகப் போய்விடுகிறது. போகும்போது பழையது, வரும்போது புதியது என்பது அப்பாவின் திட்டம். பழைய பாதையில் வாஸன் என்ற சின்ன ஊரின் வெள்ளைத் தேவாலயம் மூன்று முறை தெரியும்: முதலில் நமக்கு மேலே, பிறகு நேராக, பிறகு கீழே. சரிவைக் குறைக்க ரயில் மலைக்குள்ளேயே வட்டமடித்து ஏறுவதால் அப்படி. அப்பா மூன்று முறையும் எழுந்து நின்று பார்த்தார். திரும்பும்போது புதிய சுரங்கத்தில் இருபது நிமிடம் வெறும் இருட்டு. அதிலும் அவர் கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

சூரிக் திரும்பியபோது மாலை ஆறு. பயண நாள் நள்ளிரவு வரை இருக்கிறதே என்று, அரை மணி தூரம்கூட இல்லாத வின்டர்தூருக்கு இன்னொரு ரயில் ஏறினோம். சுற்றுலாக்காரர்கள் அதிகம் போகாத ஊர். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலின் பழைய நீராவி என்ஜின்களைச் செய்தது இந்த ஊர்தான். சுவிஸ் லோகோமோட்டிவ் அண்ட் மெஷின் வொர்க்ஸ் என்ற அந்த நிறுவனம் இங்கேதான் இருந்தது. பாதையில் என்ஜின் பற்றிக்கொண்டு ஏறும் பல்சக்கர முறையும் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்தது. தொழிற்சாலை இருந்த இடம் இப்போது புதிய குடியிருப்பாகியிருக்கிறது. பெயர் லோக்ஷ்டாட், என்ஜின் நகரம். அப்பா ஒரு பழைய செங்கல் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கல்லாறில் என்ஜினைப் பல்தண்டவாளத்தில் ஏற்றும்போது வரும் சத்தத்தைப் பேரனுக்கு வாயாலேயே செய்து காட்டினார். பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாலை அது. பாஸ் இல்லாவிட்டால் அந்த ரயிலில் ஏறியிருக்கவே மாட்டோம்.

மறுநாள் பெர்னினா. எல்லோரும் பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற கண்ணாடிக்கூரை ரயிலைத் தேடுகிறார்கள். அதற்குப் பாஸோடு இருக்கைக் கட்டணமும் வேண்டும். அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயில்களுக்கு முன்பதிவே தேவையில்லை. கூரில் ஏறி, வழியில் ஒருமுறை மாறி, அதே லாண்ட்வாஸர் பாலம், அதே பனி, அதே புருஸியோ சுழல் பாலம். சில பெட்டிகளில் ஜன்னலைத் திறக்கலாம், மலைக்காற்று முகத்தில் அடிக்கும். சாதாரண ரயிலையே நான் சிபாரிசு செய்வேன். உச்சியில் ஓஸ்பிட்ஸியோ பெர்னினா நிலையம், 2,253 மீட்டர். நாங்கள் போனபோது மே மாதமாகியும் ஏரி உறைந்து கிடந்தது. அங்கிருந்து 429 மீட்டரில் இருக்கும் திரானோவுக்கு ஒரே இறக்கம். சரிவு நூற்றுக்கு ஏழு மீட்டர் வரை, ஆனால் பல்சக்கரம் கிடையாது. நீலகிரியில் பன்னிரண்டுக்கு ஒன்று என்பது மனப்பாடமாக இருக்கும் அப்பாவுக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. திரானோவில் இறங்கியதும் நேரே முன்னால் போய், சக்கரத்தையும் தண்டவாளத்தையும் குனிந்து பார்த்தார்.

வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு இரவு ரயில் உண்டு, ஒரு விடுதி வாடகை மிச்சம். படுக்கைக்குக் கட்டணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யப் போன கையை அப்பாதான் தடுத்தார். "செம்மரிங்கை ராத்திரியில தாண்டறதுக்கு இங்கிருந்தே போகாம இருக்கலாம்." செம்மரிங் 1854-இல் கார்ல் ரிட்டர் ஃபான் கேகா கட்டி முடித்த மலைப்பாதை, இரண்டு அடுக்குக் கல்பாலங்களும் சுரங்கங்களுமாக இன்றும் தினமும் ரயில் ஓடுகிறது. பகல் ரயிலில் போனோம். ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. யாருக்கும் அலுக்கவில்லை. அன்றைக்குச் சில யூரோ கொடுத்து முன்பதிவு செய்து நான்கு இருக்கை பிடித்து வைத்திருந்தோம். மே, ஜூனில் அந்த நாடுகளில் தேவாலய விடுமுறைகள் வியாழனிலும் திங்களிலும் வரும், ஊரே கிளம்பிவிடும். போகிற தேதிகளில் என்ன விடுமுறை என்று பார்க்காமல் திட்டத்தை முடிக்காதீர்கள்.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். நிலையத்தில் வியன்னா என்று எழுதியிருக்காது, வீன் என்றிருக்கும். பிராக் பிராஹா, வெனிஸ் வெனேட்சியா. வெனிஸில் மெஸ்த்ரே என்ற நிலையம் முதலில் வரும், அது நிலப்பகுதி. தண்ணீருக்கு நடுவே இருக்கும் ஊருக்கு சாந்தா லூச்சியா வரை போக வேண்டும். நோட்டில் அப்பா எல்லா ஊரையும் இரண்டு பெயரில் எழுதியிருந்தார்.

புடாபெஸ்டில் மகனுக்கு ஒரு கடனைத் தீர்த்தேன். நாங்கள் பிராக் ரயில் பிடித்த நியுகாட்டி நிலையத்தை 1877-இல் கட்டியது ஈஃபிலின் நிறுவனம். பாரிஸ் கோபுரத்துக்குப் பன்னிரண்டு வருடம் மூத்தது. இரும்புச் சட்டமும் கண்ணாடியுமான அந்தப் பெரிய கூடத்தின் நடுவில் நின்று சொன்னேன். நிமிர்ந்து நெடுநேரம் பார்த்தான். ரயில் கிளம்பியதும் தன்யூப் ஆறு இடப்பக்கம் சேர்ந்துகொண்டது. எதிர்க்கரையில் விஷேக்ராத் கோட்டை, அப்புறம் ஸ்லோவாக்கிய எல்லையில் எஸ்தர்கோம் பேராலயத்தின் குவிமாடம். உணவுப் பெட்டியில் சூப் குடித்துக்கொண்டே நாடு மாறினோம்.

ஏழாம் நாள் பிராகிலிருந்து வடக்கே. எல்பே ஆறு வலப்பக்கம், மணற்பாறைக் குன்றுகள், டிரெஸ்டன், பிறகு சமவெளி. பெர்லின் மத்திய நிலையத்தில் இறங்கினதும் மகன் படிக்கட்டுகளை நோக்கி ஓடினான். அப்பா நடைமேடையிலேயே பெட்டியின் மேல் உட்கார்ந்து, நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்து, நோட்டின் கடைசிக் கட்டத்தை நிரப்பினார்: பெர்லின், ரைட் டைம்.